மூங்கில் சிம்புல ஸ்டாரு, வலையில சிக்குக் கோலம்: இந்த வருச சீரியல் செட்டு வேலை

மதுரையில எங்க தெருவுல கார்த்திகைக்கு ஏத்துன சீரியல் செட்டு, அதான் சரமா எரியிற அலங்கார லைட்டு, தை மாசம் தெப்பத் திருவிழா முடியிற வரைக்கும் எறங்காது. கார்த்திகை, கிறிஸ்மஸ், நியூ இயர், ஏகாதசி, பொங்கல், தைப்பூசம்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு மாசத்துக்கு மேல அது மழையிலயும் பனியிலயும் கெடக்கும், அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம எறக்குறேன்னு ஏணி போட்டு ஏறுனா டேப்பு ஒட்டுன எடத்துல பெயின்ட்டோட உரிஞ்சு வரும், கேபிள் டையை அறுக்கப் போயி வயரையும் சேத்து அறுத்துருவாய்ங்க, கடைசில மொத்தத்தையும் சுருட்டி ஒரு பெயின்ட் டப்பாக்குள்ள அமுக்கி பரண்ல போட்டா அடுத்த கார்த்திகைக்கு அந்தச் சிக்கு எடுக்கவே ஒரு பொழுது போயிரும், எடுத்துச் சொருகுனா பாதி எரியாது. சரின்னு புதுசு வாங்கிருவோம்.

அதனால இந்தத் தடவ ரெண்டு சாமான் செஞ்சேன், ரெண்டுக்கும் ஒரே கண்டிசன். எப்புடி அவுக்கப் போறோம்னு மொதல்ல யோசிச்சிட்டு அதுக்கப்பறம்தான் கட்டணும். இந்த யோசனை எங்க ஏரியா மைக்செட் அண்ணன் குடுத்தது. முப்பது வருசமா முளைப்பாரி, கல்யாணம், காதுகுத்துன்னு லைட்டு கட்டுற ஆளு. அவருகிட்ட ஸ்டாரு செய்யப் போறேன்ணேன்னு சொன்னதும் சிரிச்சாரு. "கட்டுறதுக்கு தெருவே கூட வரும்யா தம்பி. சாமி ஊர்வலம் முடிஞ்சு விடியக்காலம் மூணு மணிக்கு தூக்கக் கலக்கத்துல அவுக்குறோம் பாரு, அப்ப ஒருத்தனும் வரமாட்டான். அதுனால ஒரு இழு இழுத்தா வர்ற மாதிரி கட்டிப் பழகு"ன்னாரு. அந்தக் காலத்துல ரீப்பர் கட்டையில சட்டம் அடிச்சு, கலர் பல்பு மாட்டி, லைட்டு ஓடுற மாதிரி காட்டுறதுக்கு மோட்டர்ல சுத்துற உருளை வச்சிருந்தாங்களாம். உருளை மேல தகடு ஒட்டிருக்கும், சுத்தும்போது தகடு எந்தக் கம்பியில படுதோ அந்த வரிசை எரியும். இப்ப அதே வேலைய தீப்பெட்டி சைசுல ஒரு பொட்டி பாக்குது. ஆனா கட்டுற முடிச்சு மட்டும் மாறலைங்கறாரு, வால இழுத்தா அவுந்துர்ற அதே உருவாஞ்சுருக்குதான்.

ஸ்டாரு எதிர்வீட்டு டீச்சருக்கு. ரிட்டயர் ஆன டீச்சர், டிசம்பர் பொறந்தா ஸ்டாரு தொங்கணும், அதுவும் கடையில விக்கிற மடக்கு ஸ்டாரு ஆகாது, "எங்க அப்பா சிம்புல கட்டுவாருப்பா, அந்த மாதிரி ஒண்ணு கட்டித் தாயேன்"ன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இன்னொண்ணு எங்க வீட்டு மாடிச் சுவத்துல தொங்குறதுக்கு லைட்டுலயே ஒரு சிக்குக் கோலம்.

மொதல்ல லைட்டு பத்தி சொல்லிடுறேன், ஏன்னா இதுலதான் நெறய பேருக்கு கொழப்பம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனீங்கன்னா சீசன்ல சீரியல் செட்டு சரம் சரமா தொங்கும், எல்லாம் பாக்க ஒண்ணு போலதான் இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள ரெண்டு ஜாதி. ஒண்ணு நேரா 230 வோல்ட்டுல சொருகுறது. எல்இடி தம்மாத்தூண்டு இருக்கேன்னு அதத் தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க. வெள்ள, நீல எல்இடி ஒவ்வொண்ணும் 3 வோல்ட்டு கிட்ட எடுக்கும், செவப்பு, மஞ்சள்னா 2 வோல்ட்டு. அப்ப ஒரு வரிசையில 50 வெள்ள எல்இடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா இருந்தா 150 வோல்ட்டு ஆச்சு, மிச்சத்த ரெசிஸ்டர் தின்னுரும். ஒவ்வொரு எல்இடிக்கும் 3 வோல்ட்டுதான், ஆனா அந்த வயரு கரண்ட்டு வயருதான். எங்கயாச்சும் தோல் உரிஞ்சு ஈரக்கையோட தொட்டா வீட்டு லைனத் தொட்ட மாதிரியேதான் அடிக்கும். இன்னொரு ஜாதி அடாப்டர்ல ஓடுறது, 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ, அடாப்டருக்கு அப்பறம் வர்ற வயரத் தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது. மழை படுற எடத்துக்கு இந்த ரெண்டாவது ஜாதிதான். நான் வச்சிக்கிட்ட கணக்கு இதான்: ஸ்டாரு டீச்சர் வீட்டு போர்ட்டிகோவுக்குள்ள சன்ஷேடு அடியில தொங்குது, சாரல் கூட படாது, அதுக்கு 230 வோல்ட்டு செட்டு போதும். கோலம் வெட்டவெளியில, அதுக்கு 5 வோல்ட்டு.

பழைய பல்பு செட்டு இன்னும் நெறய வீட்டுல இருக்கு, அந்த 6 வோல்ட்டு குட்டி பல்பு. 230-அ 6-ஆல வகுத்தா 38 வரும், அதான் ஒரு வரிசையில நாப்பது பல்பு கிட்ட இருக்கும். ஒண்ணு போனா வரிசையே போகும், அதனால ஒவ்வொண்ணா புடுங்கிப் புடுங்கி மாட்டிப் பாத்து வளந்த தலைமொற நாம. அத சொருகி வச்சுக்கிட்டே பல்ப புடுங்குறது எவ்வளவு டேஞ்சர்னு அப்ப யாரும் சொல்லல. சுத்து அறுந்துருச்சுன்னா அந்த ரெண்டு முனைக்கு நடுவுல முழு 230 வோல்ட்டும் நிக்கும், 6 வோல்ட்டு இல்ல. சொல்லப்போனா இந்த லைட்டுத் தோரணம்ங்கறதே கைவேலையா ஆரம்பிச்சதுதான். 1882-ல நியூயார்க்குல எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன்ங்கறவரு தன் வீட்டு கிறிஸ்மஸ் மரத்துல செவப்பு, வெள்ள, நீலம்னு 80 பல்ப கையாலயே வயர் பண்ணி மாட்டுனாரு, மரத்தையே மோட்டர் வச்சு சுத்த வேற விட்டாரு. நம்ம மைக்செட் அண்ணனோட உருளைக்கு அது பெரியப்பா முறை.

கடையில வாங்கும்போது நான் பாக்குறது: சொருகிக் காட்டச் சொல்லி ஒரு நிமிசம் எரிய விடணும், எல்இடி கழுத்துல வயர லேசா ஆட்டிப் பாக்கணும், ஆட்டும்போது மினுக்குனா வேணாம். செல்போன் கேமரா வழியா பாத்தா செல செட்டு பட்டை பட்டையா ஓடும். உள்ள கரண்ட்ட நெரவி விடுற கெப்பாசிட்டர் இல்லாத சரக்கு, செகண்டுக்கு 50 தடவையோ 100 தடவையோ அணைஞ்சு எரியுது, உத்துப் பாத்தா தலை வலிக்கும். பட்டன் வச்ச கன்ட்ரோலர் செட்ட நான் தவிர்த்துட்டேன். எட்டு மோடு இருக்கும்பாய்ங்க, கரண்ட்டு போய் வந்தா மறுபடி மொத மோடுக்குப் போயி டிஸ்கோ ஆடும், யாராச்சும் போயி பட்டன அமுக்கணும். நிலையா எரியுற செட்டே போதும். அப்பறம் எல்இடிக்கு எல்இடி எடவெளி எவ்வளவுன்னு கட்டாயம் அளந்து பாருங்க. 4 இஞ்சு இருக்கு, 8 இஞ்சு இருக்கு, அதுக்கு மேலயும் இருக்கு. உருவம் தெரியணும்னா 4 இஞ்சுதான், 8 இஞ்சுல ஸ்டாரு கட்டுனா தூரத்துல இருந்து பாக்க என்னமோ புள்ளிக் கூட்டமா தெரியும்.

இப்ப ஸ்டாரு. கூடை முடையிறவங்ககிட்ட மூங்கில் சிம்பு வாங்குனேன், அரை இஞ்சு அகலம், 4 அடி நீளம், ஸ்டாருக்கு 10 சிம்பு, ஒடஞ்சா மாத்த இன்னும் ரெண்டு. பச்சை மூங்கில வாங்கி அன்னைக்கே கட்டுனா காஞ்சதும் முடிச்சு லூசாகும், ஒரு வாரம் நெழல்ல கெடக்கட்டும். முள்ளு முள்ளா செராய் நிக்கும், உப்புத்தாள் போட்டு தேச்சிருங்க, வயரு உரசுற சாமான் அது.

அஞ்சு சிம்புல ஸ்டாரு கட்டுறதுல எல்லாரும் சொதப்புறது கோணம். கண்ணால பாத்து பாத்துக் கட்டி ஒரு கால் குட்டையா ஒரு கால் நெட்டையா வந்துரும். கோணமே அளக்க வேணாம். ஒவ்வொரு சிம்புலயும் ரெண்டு முனையில இருந்தும் நீளத்துல 0.382 பங்கு தூரத்துல பேனாவால கோடு போடுங்க. 4 அடின்னா 48 இஞ்சு, கணக்கு பண்ணா 18.3 இஞ்சு வரும். நடுவுல மிச்சம் 11.3 இஞ்சு. ஸ்டாரு வடிவத்துல சிம்பும் சிம்பும் வெட்டிக்கிற எடமெல்லாம் இந்தக் கோட்டுலதான் விழும், அதனால கோட்டு மேல கோடு வச்சு கட்டிட்டா கோணம் தானா சரியா வந்துரும். கட்டும்போது ஒரு சிம்பு ஒரு எடத்துல மேல போனா அடுத்த எடத்துல கீழ போகணும், கூடை முடையிற கணக்குதான். அப்படி பின்னிட்டா ஆணியே இல்லாம வெறப்பா நிக்கும். அஞ்சு முனையையும் சேத்துக் கட்டியாச்சுன்னா ஒரு ஸ்டாரு ரெடி. இதே மாதிரி இன்னொண்ணு.

ரெண்டையும் முதுகோட முதுகா வச்சு அஞ்சு முனையையும் ஜோடி ஜோடியா கட்டிட்டு, உள்பக்கம் வெட்டிக்கிற அஞ்சு எடத்துலயும் 6 இஞ்சு குச்சி ஒண்ணு ஒண்ணா முட்டுக் குடுத்தா ஸ்டாரு வயிறு உப்பிக்கும். டீச்சர் சொன்ன ஸ்டாரு இதான். முட்டுக் குடுக்கும்போது சிம்பு வில்லு மாதிரி வளையும், அதனாலதான் அரை இஞ்சு அகலத்துக்கு மேல போக வேணாம்ங்கறது. டீச்சர் வந்து பாத்துட்டு, "பேப்பர் ஒட்டலையாப்பா?"ன்னாங்க. முன்ன காலத்துல உள்ள 60 வாட்ஸ் குண்டு பல்பு போடுவாங்க, சூட்டுல பேப்பர் பழுப்பா போயிரும், செல வீட்டுல கருகவும் செஞ்சிருக்கு. இப்ப எல்இடி பல்பு சின்னதா ஒண்ணு உள்ள தொங்கவிட்டா சூடு பிரச்சனை இல்ல. செவப்பு கண்ணாடித்தாள முன்பக்கத்து அஞ்சு காலுக்கு மட்டும் ஒட்டுனேன், நடுவையும் பின்பக்கத்தையும் தெறந்தே விட்டாச்சு. முழுசா மூடுனா டிசம்பர் காத்துக்கு பட்டமாயிரும், ராத்திரி பூரா சுவத்துல டங்கு டங்குன்னு இடிக்கும்.

அடுத்து ஓரத்துல லைட்டு. உள்கோடு எல்லாத்துலயும் லைட்டு ஓட்டுனா அஞ்சு சிம்புக்கு 20 அடி வேணும், ஆனா தூரத்துல இருந்து பாக்க நடுவுல ஒரே பெசஞ்ச வெளிச்சமா போயிரும். வெளி ஓரம் மட்டும் போதும். வெளியில பத்து பக்கம், ஒவ்வொண்ணும் அதே 18.3 இஞ்சு, மொத்தம் 15 அடி 3 இஞ்சு. மீட்டர்ல 4.65. 10 சென்டிமீட்டர் எடவெளின்னா 46 எல்இடி, கடையில 50 எல்இடி செட்டு கெடைக்குது, மிச்சம் நாலு. கணக்கு இவ்வளவு பொருத்தமா வந்ததுல எனக்கே சந்தோசம். 5 அடி சிம்புல செய்யப் போறீங்கன்னா 19 அடி வேணும், செட்டு பத்தாது, அதனால லைட்டு கையில வந்ததுக்கு அப்பறம் சிம்பு வெட்டுங்க.

வயரு ஆரம்பிக்கிறது கீழ ரெண்டு காலுக்கு நடுவுல இருக்குற இடுக்குல. பிளக்குக்குப் போற வயரு அங்க இருந்து பின்பக்கமா நேரா கீழ எறங்கிரும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கால் முனையிலயும் ஒரு எல்இடி நிக்கிற மாதிரி பாத்துக்கங்க, எடையில ஒண்ணு அரை இஞ்சு முன்ன பின்ன இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, முனை இருட்டா இருந்தா ஸ்டாரு மொட்டையா தெரியும். 6 இஞ்சுக்கு ஒரு கட்டு, மெலிசான நைலான் நூல்ல, உருவாஞ்சுருக்கு, எல்லா வாலும் ஒரே பக்கம். அவுக்கும்போது வாலப் புடிச்சு வரிசையா இழுத்துக்கிட்டே வந்தா மொத்தச் சரமும் கையோட வந்துருச்சு, கத்தி கத்திரிக்கோல் எதுவும் வேணாம். சணல் வேணாம், ஈரத்துல முடிச்சு ஊறி இறுகிரும். கட்டுக்கம்பி வேணவே வேணாம். இறுக்கி முறுக்குனா வயர் தோலுக்குள்ள பல்லு பதிக்கும், சட்டம் இரும்பா இருந்தா சட்டத்துல கரண்ட்டு ஏறிரும், மூங்கிலே நனைஞ்சா நம்ப முடியாது.

கோலத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். செப்புக்கம்பி லைட்டுன்னு ஒண்ணு விக்கிது பாருங்க, தலைமுடி கணக்கா மெலிசான கம்பியில அரிசி மணி மாதிரி எல்இடி, 10 மீட்டருக்கு 100 எல்இடி, யூஎஸ்பி பின்னு. சிக்குக் கோலத்துக்கே செஞ்சது போல இருக்கும், எந்தப் பக்கமும் வளையும். எல்இடி ஸ்ட்ரிப்பு வாங்கிறாதீங்க, அது மேல கீழ மடியும், பக்கவாட்டுல வளையாது, கோலத்துக்கு ஆகாது. செப்புக்கம்பில எல்லா எல்இடியும் பேரலல்ல இருக்கு, ஒண்ணு செத்தா மத்தது பாட்டுக்கு எரியும், கடைசில மிச்சமாச்சுன்னா வெட்டியும் விடலாம், வெட்டுன முனை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிறாம பசை வச்சு மூடிரணும்.

எப்புடி வரைஞ்சேன்னா, வரையவே இல்ல. அம்மாவ மாடித் தரையில சாக்பீஸால 1, 3, 5, 3, 1-ன்னு 13 புள்ளி வச்சு கோலம் போடச் சொன்னேன், புள்ளிக்கு புள்ளி 9 இஞ்சு. ஒரே இழையா வர்ற கோலமா வேணும்மான்னதுக்கு, "அதெல்லாம் எனக்கு சொல்லித் தர்றியாக்கும்"ன்னுட்டு கையெடுக்காம போட்டுட்டாங்க. அதுமேல ஒரு நூல ஓட்டி அளந்தா 9 மீட்டர் கிட்ட வந்துச்சு, 10 மீட்டர் லைட்டுக்கு சரியா போச்சு. நூல் ஓட்டிப் பாக்காம லைட்டு வாங்கக் கூடாது, சிக்குக் கோலம் பாக்க சின்னதா இருக்கும், நீளம் ஏமாத்திரும்.

அப்பறம் தோட்டத்துக்குப் போடுற பிளாஸ்டிக் வலை, அரை இஞ்சு கண்ணு, 4 அடி அகலம். அத அப்படியே கோலத்து மேல விரிச்சு நாலு மூலையிலயும் செங்கல் வச்சாச்சு. கீழ இருக்குற சாக்பீஸ் கோடு வலைக்குள்ள தெரியும், அது மேலயே லைட்ட ஓட்டி கட்டிக்கிட்டே போக வேண்டியதுதான். ஓட்டும்போது ஒரு சூட்சுமம் இருக்கு. எல்இடி 4 இஞ்சுக்கு ஒண்ணுதான், அதனால அது எங்க விழுதுங்கறத நீங்கதான் முடிவு பண்ணணும். புள்ளியச் சுத்தி வளையிற எடத்துல, வளைவோட உச்சியில ஒரு எல்இடி கட்டாயம் நிக்கணும், இல்லாட்டி வட்டம் சப்பையா தெரியும். இழையும் இழையும் வெட்டிக்கிற எடத்துல எல்இடி விழக் கூடாது, அங்க இருட்டா இருந்தாத்தான் ஒரு இழை மேல இன்னொண்ணு போறது கண்ணுக்குப் படும், ரெண்டு எல்இடி அங்க சேந்துச்சுன்னா ஒரு கொழுக்கட்டையா தெரியும். இதுக்காக கம்பிய அங்கங்க லேசா நெளிச்சு நீளத்தக் கொறச்சுக்கலாம், வலைக்குப் பின்னாடி தள்ளிட்டா நெளிவு தெரியாது. புள்ளிக்கு சோடா மூடி 13 எடுத்து வெள்ள பெயின்ட் அடிச்சு மாட்டுனேன். பகல்லயும் கோலம் புள்ளியாவது தெரியும், ராத்திரி பக்கத்து லைட்டு பட்டு மெதுவா மினுங்கும்.

கட்டுறதுக்கு இங்கயும் கேபிள் டை போடல. செப்புக்கம்பி மேல இருக்குறது வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சுதான், டைய இறுக்குனா பூச்சு உரிஞ்சு ரெண்டு கம்பியும் ஷார்ட் ஆகும். பழைய பருத்திச் சேலை ஓரத்த நாடா நாடாவா கிழிச்சு வச்சுக்கிட்டோம், அம்மாவும் நானும் எதிரெதிரா உக்காந்து கட்டிக்கிட்டே வந்தோம்.

வலையோட மேல் ஓரத்துல முக்கால் இஞ்சு பிவிசி பைப்பு, கீழ் ஓரத்துல 2 இஞ்சு பைப்பு, ரெண்டு முனையும் மூடி போட்டு உள்ள கொஞ்சம் மணல். கீழ கனமா இருந்தா காத்துக்கு ஆடாது. இன்னொரு காரணம், எறக்குனதும் லைட்ட கழட்டவே தேவையில்ல, கீழ் பைப்பு மேலயே பாய் மாதிரி சுருட்டிறலாம். மெலிசு பைப்புல சுருட்டுனா செப்புக்கம்பி எல்இடி கழுத்துல ஒடியும், 2 இஞ்சுல சுருட்டுனா ஒண்ணும் ஆகல. அடுத்த கார்த்திகைக்கு விரிச்சா கோலம் ரெடி.

கரண்ட்டு எப்புடி குடுத்தேங்கறதுல ஒரு சின்ன கணக்கு. சார்ஜர வெளிய வைக்கக் கூடாதுன்னு முடிவு, அதனால போன் சார்ஜர் ஹால்ல, அங்க இருந்து மாடிச் சுவரு வரைக்கும் 10 மீட்டர் 5 வோல்ட்டு வயரு போகுது. மெலிசான யூஎஸ்பி எக்ஸ்டென்சன் வயருல 10 மீட்டர் ஓட்டுனா போய்வர 20 மீட்டர், அரை ஆம்பியருக்கே 2 வோல்ட்டு வழியிலயே காணாமப் போகும், 5-ல 3 மிஞ்சுனா கோலம் அழுதுக்கிட்டு எரியும். அதே தூரத்துக்கு 0.75 ஸ்கொயர் எம்எம் ரெட்டை வயரு போட்டா கால் வோல்ட்டுதான் போகுது. அந்த வயரே போட்டு ரெண்டு முனையிலயும் யூஎஸ்பி பின்ன சால்டர் வச்சேன், சூடு காட்டுனா சுருங்கி இறுக்குற ஹீட் ஸ்லீவ் குழாய் போட்டு. கறுப்பு டேப்ப மட்டும் நம்பாதீங்க, நம்ம ஊரு வெயில்ல பிசின் எளகி ஒரு மாசத்துல அவுந்து தொங்கும். பவர் பேங்க்குல ஓட்டலாமேன்னு தம்பி கேட்டான், 100 எல்இடி இருந்தா ஓடும், ஆனா சின்ன 20 எல்இடி சரத்த மாட்டுனா ரொம்ப கம்மியா கரண்ட்டு இழுக்குதுன்னு பவர் பேங்க்கே சார்ஜ் முடிஞ்சுருச்சுன்னு நெனச்சு ஆஃப் ஆயிரும்.

வீட்டு ஓனர் சுவத்துல ஒரு ஓட்டை போட விடமாட்டாரு. 6 எம்எம் கம்பிய வளைச்சு ரெண்டு கொக்கி செஞ்சு மாடிக் கைப்பிடிச் சுவத்து மேல மாட்டி, கொக்கிக்கு சைக்கிள் ட்யூப்பு சுத்தி, அதுல மேல் பைப்ப தொங்க விட்டாச்சு. உள்பக்கம் கொக்கியோட வால்ல கயிறு கட்டி ஒரு சிமெண்ட்டு கல்லுல முடிச்சு. வயரு வீட்டுக்குள்ள நுழையிற எடத்துல ஜன்னலுக்கு கீழ வரைக்கும் ஒரு தொங்கல் விட்டு அப்பறம் மேல ஏத்தி உள்ள விடணும், மழைத்தண்ணி வயரு வழியா ஓடிவந்து தொங்கல்ல சொட்டிரும், உள்ள வராது. கார்த்திகை மழைக்கு இது ரொம்ப முக்கியம். அப்பறம் ஈபி சர்வீஸ் வயருல சரத்தச் சுத்தி தெருவுக்கு குறுக்க இழுக்குற பழக்கம் நம்ம பக்கம் எல்லா தெருவுலயும் இருக்கு, அதப் பத்தி எனக்கு சொல்றதுக்கு ஒண்ணுதான் இருக்கு, பண்ணாதீங்க.

டீச்சர் வீட்டுல ஸ்டாருக்கு கரண்ட்டு குடுக்குறப்பதான் பாத்தேன், போன வருசத்து செட்டுல பின்னு இல்லாம வயர சீவி சாக்கெட்டுல சொருகி தீக்குச்சி வச்சு இறுக்கிருந்தாங்க. இது அவங்க வீட்டுல மட்டும் இல்ல, மதுரையில பாதி வீட்டுல லைட்டு அப்படித்தான் எரியுது. லூசா இருக்குற எடத்துல பொறி பறந்து சூடாகும், பக்கத்துலயே தீக்குச்சி வேற! ஒரு டூ பின் டாப்பு இருவது முப்பது ரூபாதான், மாத்தி விட்டேன். அவங்க வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கு, கரண்ட்டு கசிஞ்சா லைன தானா கட் பண்ணுற சுவிட்சு, டெஸ்ட் பட்டன அமுக்கி ட்ரிப் ஆகுதான்னு பாத்துட்டுதான் ஸ்டார ஏத்துனேன்.

எரியிற நேரத்துக்கு சுத்துற டைமர் பிளக்கு வீட்டுக்கு ஒண்ணு, சாயந்தரம் 6-ல இருந்து 11 வரைக்கும். கரண்ட்டு போனா முள்ளு நின்னுரும், அந்த அளவுக்கு டைமும் பின்தங்கும், அப்பப்ப திருத்தணும். பில்லு பத்தி அப்பாவுக்கு கவலை. ஸ்டாரு டீச்சர் வீட்டுக் கரண்ட்டுதான், இருந்தாலும் ஸ்டாரு, கோலம் ரெண்டும் சேந்து 10 வாட்ஸ்னே வைங்க, தெனம் 5 மணி நேரம், மாசத்துக்கு ஒண்ணரை யூனிட்டு. கணக்கு போட்டுக் காட்டுனதும், "அப்ப 12 மணி வரைக்கும் எரியட்டும்"னாரு.

எடையில ஒரு நாள் ஸ்டாரு இருட்டாப் போச்சு. அணிலு வேலை, ஒரு எல்இடி கழுத்துல கடிச்சிருந்துச்சு. அவுத்து கீழ கொண்டாந்து வச்சு, பிளக்கு கையில இருக்கான்னு பாத்துக்கிட்டு, மொதல்ல கண்ணால ஒவ்வொரு எல்இடியா, பாதி பிரச்சனை கண்ணுலயே மாட்டிரும். கண்ணுக்குத் தெரியலைன்னா 3 வோல்ட்டு பட்டன் பேட்டரி ஒண்ணுல ரெண்டு குண்டூசி வச்சு ஒவ்வொரு எல்இடியோட ரெண்டு பக்க வயருலயும் குத்திப் பாக்கலாம், நல்லா இருக்குறது எரியும், எரியலைன்னா ஊசிய மாத்தி வச்சுப் பாருங்க, அப்பவும் எரியலைன்னா அதான் ஆளு. குத்துன ஓட்டைய மறக்காம நகப்பூச்சு வச்சு மூடிருங்க. செத்த எல்இடிய வெட்டிட்டு வயர நேரா முடிஞ்சு விட்டாலும் எரியும், 50-ல ஒண்ணு கொறஞ்சா பெருசா தெரியாது, ஆனா இதையே பழக்கமாக்கி அஞ்சு ஆறுன்னு கொறச்சுக்கிட்டே போனா மிச்ச எல்இடிக்கு கரண்ட்டு கூடும், அதுகளும் சீக்கிரம் போகும். நான் பரண்ல கெடந்த செத்த செட்டுல இருந்து அதே கலர் எல்இடி ஒண்ண வெட்டி எடுத்து வச்சேன், நீளக் கால் பிளஸ்சு, ஓரம் தட்டையா இருக்குற பக்கம் மைனஸ்சு, மாத்தி வச்சா வரிசையே எரியாது.

அணில் கூட பரவால்ல. அழகர்கோவில் பக்கம் இருக்குற சித்தப்பா வீட்டுல, பொங்கலுக்கு எங்களுக்கும் ஒரு கோலம் போட்டுத் தாடான்னு கேட்டாரு. வெளிய தொங்கவிட வேணாம் சித்தப்பா, ஜன்னலுக்கு உள்பக்கம் மாட்டிக்கங்கன்னேன். குரங்கு அந்த வலையப் பாத்துச்சுன்னா ஊஞ்சல் கட்டி குடுத்ததா நெனச்சுக்கும். கண்ணாடிக்கு உள்ள இருந்தும் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு ரெண்டா தெரியுது.

தெப்பம் முடிஞ்ச வார ஞாயித்துக்கெழம ரெண்டையும் எறக்குனோம். கோலத்த சுருட்டி மேல பழைய போர்வை சுத்தி பீரோவுக்கு பின்னாடி நிப்பாட்டியாச்சு. ஸ்டாருல சரத்த மட்டும் உருவி, ரெண்டு பக்கமும் வெட்டுன அட்டையில சுத்தி, "ஸ்டாரு, கீழ் இடுக்குல இருந்து ஆரம்பம்"னு மேல எழுதி வச்சேன், மாத்துன எல்இடி எத்தனாவதுன்னும் எழுதிருக்கேன். கண்ணாடித்தாள கிழிச்சுப் போட்டுட்டு முனைக்கட்ட அவுத்தா ரெண்டு ஸ்டாரும் தட்டையா படுத்துக்கும், டீச்சர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில போயிருச்சு.

இப்ப சித்திரைக்கு ஒண்ணு கேக்குறாய்ங்க, எங்க தெரு நீர்மோர் பந்தலுக்கு, அழகரு குதிரை மேல வர்ற மாதிரி. தரையில சாக்பீஸால ஓரம் மட்டும் வரைஞ்சு நூல் ஓட்டிப் பாத்துட்டேன், குதிரைக்கே 14 மீட்டர் வருது, அழகரு குடை எல்லாம் சேத்தா 25-அத் தாண்டும். 5 வோல்ட்டு இவ்வளவு தூரத்துக்கு இழுக்காது, குதிரை ஒரு செட்டு, அழகரு ஒரு செட்டு, குடை ஒரு செட்டுன்னு தனித்தனி சரமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி வயரு போடணும். வலை 8 அடி அகலத்துல கெடைக்குதான்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், கெடைக்கலைன்னா ரெண்டு வலைய நடுவுல தச்சுத்தான் ஆகணும், அப்படின்னா தையல் குதிரை மூஞ்சில விழாத மாதிரி படத்த கொஞ்சம் எடதுபக்கம் தள்ளி வரையச் சொல்லணும்.